அடித்தரை

மட்டக்களப்பில் மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும்போது முன்பெல்லாம் வாவியைத்தான் பார்ப்பேன். இப்போது பாலம் முடிந்து வயல் தொடங்கும் இடத்துக்காகக் கண் காத்திருக்கிறது. உழவு நடக்கும் நாளென்றால் மிசினின், அதாவது டிரக்டரின், இரும்புச் சில்லு எவ்வளவு தாண்டு சுற்றுகிறது, எந்த இடத்தில் அதற்கு மேல் இறங்காமல் நிற்கிறது என்று பார்க்கிறேன். 2024 மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் என் மாமா பூவரசங் கம்பொன்றைச் சேற்றில் குத்திக் காட்டினார். அன்றிலிருந்து வந்த பழக்கம் இது.

சேற்று ஓட்டத்துக்காக நாங்கள் மாற்றிக் கட்டிய கெப்பைப் பற்றி, அந்தப் பின்பெட்டி வண்டியைப் பற்றி, எழுது என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன எஞ்சின், என்ன டயர், எத்தனை அங்குலம் உயர்த்தினோம், எது உடைந்தது, எதற்குக் காசு போனது என்றெல்லாம் எழுதினால் இந்தப் பக்கத்துப் பொடியன்களுக்கு உதவும் என்பது அவன் எண்ணம். அது உண்மைதான். அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கம்பைப் பற்றி எழுதாமல் கெப்பைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் விட்டுவிட்டேன்.

மீன் கெப்

வாழைச்சேனையில் மீன் ஏற்றி ஓடிய கெப் அது. டொயோட்டா ஹைலக்ஸ், எல்.என். 106, இரட்டைக் கதவு. 2779 சிசி டீசல் எஞ்சின். முன்பக்கமும் பின்பக்கமும் உருக்குத் தகட்டு ஸ்பிரிங், முன்னாலும் ஒரே துண்டு அக்சில். பின்னால் வந்த மொடல்களில் முன்சில்லுகள் தனித்தனியாக அசையும். சேற்றுக்கும் குழிக்கும் இந்தப் பழைய அமைப்பே மேல், வளைந்தாலும் அடித்து நிமிர்த்தலாம் என்று கராஜ் பாஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். 2022இல் டீசல் வரிசை நீண்டபோது உரிமையாளர் அதை வேலியோரம் நிறுத்தினார். அதற்குப் பிறகு அது எழும்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பின்பெட்டிக்குள் நாயுருவி முளைத்திருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு எங்கள் ஊரில் பழைய கெப் என்றால் நகை மாதிரி இருந்தது. ஓடாத வண்டிக்கும் ஆள் வந்து விலை கேட்பார். அந்த நேரத்தில் ஒரு ஹைலக்ஸை வாங்கிச் சேற்றில் இறக்கப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் மனம் நொந்தார்கள். அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு குடும்பம் அதால சோறு தின்னும் மனே. அதைக் கொண்டுபோய்ச் சேத்துல போடவா?" வண்டியின் அடிச்சட்டமான சசி நல்லதாக இருந்திருந்தால் அந்த விலைக்கு எனக்குக் கிடைத்திருக்காது என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். விற்றவரும் நேர்மையான மனிசன். "கீழ நல்லாப் பாத்து எடுங்க தம்பி, மீன் தண்ணி ஊத்தின வண்டி" என்று அவரே சொன்னார்.

மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணியில் உப்பிருக்கும். அது பெட்டியின் மூலைகளால் ஒழுகி, சசிக் குழாயின் சிறு துளைகளால் உள்ளே இறங்கிப் பல வருடம் தேங்கி நின்றிருக்கிறது. வெளியே பெயின்ட் நன்றாக இருந்தது. பாஸ் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங் என்று வந்த சத்தம், பின் ஸ்பிரிங் தாங்கும் இடத்தில் பொத்தென்று மாறியது. இரண்டாவது அடிக்குச் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. பக்கத்துக்கு இரண்டடி வெட்டி எடுத்தோம். உள்ளேயிருந்து பாளம் பாளமாகத் துரு கொட்டியது. புதுத் தகட்டை நேர்குத்தாக வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே ஒருநாள் வெடிக்கும் என்று சாய்வாக வெட்டி, மேலே இன்னொரு தகட்டை வைரக் கல் வடிவில் போர்த்தி வெல்ட் அடித்தார். அந்த மூன்று கிழமை வேலைதான் இந்தக் கெப்பில் இன்றுவரை ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை.

மேலே பார்த்த எட்டு மாதம்

மறுகா எட்டு மாதம் நாங்கள் செய்ததெல்லாம் கெப்பின் மேல்பாதியில். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. சில வேலைகள் அவசியமானவை. டீசல் எஞ்சின் காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நெரித்துத்தான் எரிக்கிறது. காற்று நெரியும், தண்ணி நெரியாது. ஒரு குவளைத் தண்ணி உள்ளே போனாலே போதும், பிஸ்டன் மேலே வரும்போது அதன் கம்பி வளைந்துவிடும். எனவே காற்றை எடுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கினோம். ரேடியேட்டரை முன்னாலிருந்து கழற்றிப் பின்பெட்டியில் நிறுத்தி, மின்விசிறி இரண்டு வைத்தோம். முன்னால் இருந்தால் முதல் குழியிலேயே களி அதன் இதழ்களுக்குள் புகுந்துவிடும். எஞ்சின் சூட்டில் அது செங்கல்லாகிவிட்டால் பிறகு எந்தத் தண்ணிக்கும் கரையாது. இரண்டு பக்கச் சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் குண்டான டிஃப்பரன்சியலின் மூச்சுக் குழாயை நீட்டி மேலே கட்டினோம். இதை மட்டும் முதலில் செய்யாமல் விட்டுவிட்டுப் பட்டுத்தான் செய்தோம். ஓடிச் சூடேறிய டிஃப்பரன்சியல் குளிர்ந்த தண்ணிக்குள் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, எந்த ஓட்டையாலும் தண்ணியை உறிஞ்சும். அடுத்த நாள் அடி நட்டைக் கழற்றியபோது ஒயில் வரவில்லை, பால் தேத்தண்ணி வந்தது. நிறமும் தடிப்பும் அப்படியே.

உயரத்திலும் ஆசை வந்தது. ஸ்பிரிங்கில் தகடு ஒன்று கூட்டி, அதைச் சசியோடு இணைக்கும் ஷெக்கிளை நீட்டி மூன்று அங்குலம் தூக்கினோம். மச்சான் ஆறு கேட்டான். பாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. உயரம் கூடக் கூடப் பிரொப்பலர் சாஃப்ட்டின் சாய்வு கூடி, அதன் மூட்டிலுள்ள குரோஸ் மாதத்துக்கு ஒன்று போகும். முன்சில்லின் கோணம் மாறி ஸ்டியரிங் அலையும். இதெல்லாம் போக, ஒரு பக்கம் குழியில் விழுந்தால் வண்டி பிரளும். கூரைக்குள் இரும்புக் குழாய்க் கூடு கட்டாமல் யாரும் ஏறக் கூடாது என்பதிலும் அவர் பிடிவாதமாக நின்றார். இதை வாசிக்கும் பொடியன்கள் வேறு எதை விட்டாலும் இதை விடவேண்டாம். நாலு இடத்தில் பூட்டும் ஆசனப் பட்டியும் தலைக்கவசமும் அதே கணக்கில்தான் சேரும்.

பிறகு எஞ்சின். இங்கேதான் பெரும் காசு போனது. பழைய எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் மச்சானுக்குப் போதவில்லை. காணொளிகளில் பார்க்கும் சேற்று வண்டிகள் எல்லாம் உறுமிக்கொண்டு போகின்றன, சில்லு சுழலும் வேகத்தில் சேறு கூரைக்கு மேலால் பறக்கிறது, அந்த வேகம் இருந்தால்தான் டயர் தன் பல்லிடுக்கில் ஒட்டிய களியை உதறும் என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் 2982 சிசி 1கேஇசட் டர்போ எஞ்சின் ஒன்றைப் பேசி எடுத்தோம். அதைப் பழைய கியர்பொக்ஸோடு பொருத்த பெல் ஹவுசிங் தேடி அலைந்ததே இரண்டு மாதம். நான் என் பங்குக்கு விற்றது அப்பா விட்டுப்போன இரண்டு பசுக்களை. டயர், 33 அங்குல உயரம், பன்னிரண்டரை அங்குல அகலம், பாவித்ததுதான், ஆனால் பல் நன்றாக இருந்தது. முற்றத்தில் நிறுத்திப் பார்த்தபோது எங்கள் கெப் அப்படியொரு அழகு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.

மாமாவின் கம்பு

பெரும்போகம் வெட்டி முடிந்து, மாசி மழை ஒன்று இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாமாவின் வட்டைக்கு, அவருடைய வயலுக்குப் போனோம். மாமா என்றால் மச்சானின் அப்பா, என் அம்மாவின் மூத்த அண்ணன். பதினாறு வயதில் இன்னொருவரின் மிசினில் ஏறியவர், இன்றும் தன் மெசி 135ஐத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். பாலம் இல்லாத காலத்தில் மிசினைப் பாதை என்ற மிதவைப் படகில் ஏற்றி வாவி கடந்தவர். மகனும் மருமகனும் வண்டியொன்று கட்டுகிறார்கள் என்று தெரிந்தும் எட்டு மாதத்தில் ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை. கூப்பிட்டபோது மட்டும், "வெட்டின கண்டந்தானே, ஓடிப் பாருங்க" என்றார்.

மச்சான்தான் ஓட்டினான். வரம்பால் இறங்கி, நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்து, கீழ்க் கியரில் போட்டு அமத்தினான். எஞ்சின் அருமையாகப் பாடியது. இருபது அடி போயிருப்போம். டயரின் பல்லிடுக்கெல்லாம் களி அடைத்து, பல் இருந்த இடமே தெரியாமல், குயவன் வனைந்த சட்டி மாதிரி வழுவழுவென்று சுழல ஆரம்பித்தது. அவன் இன்னும் அமத்தினான். முன்னால் இடது சில்லும் பின்னால் வலது சில்லும் மட்டும் சுற்றின, மற்ற இரண்டும் சும்மா நின்றன. நாலு சில்லு இழுவை என்பது நாங்கள் நினைத்த பொருளில் இல்லை. லொக் இல்லாத டிஃப்பரன்சியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். வழுக்கும் சில்லு எவ்வளவு சொற்பத்தை வாங்குகிறதோ, பிடிமானம் உள்ள சில்லுக்கும் அவ்வளவுதான். மண் மேலும் கீழுமாகப் பறந்தது. பத்து நிமிசத்தில் டிஃப்பரன்சியல் குண்டு சேற்றில் உட்கார்ந்தது, சசி உட்கார்ந்தது, வண்டி நின்றது. மச்சான் எஞ்சினை நிறுத்தியபோது வட்டை முழுக்க ஒரு அமைதி, அதற்குள் தவளைச் சத்தம்.

மாமா வயற்குடிசையான வாடியிலிருந்து எழும்பி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"மருமகன், இது எத்தின குதிர?"

"நூறுக்கு மேல, மாமா."

"இந்த மெசி நாப்பத்தஞ்சு" என்றார். சொன்ன விதத்தில் குத்தல் இல்லை. கணக்கை எனக்கு முன்னால் வைத்த மாதிரி இருந்தது.

மிசினைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு, இழுத்து வெளியே எடுத்தார். மச்சான் சங்கிலியைப் பம்பரில் மாட்டப் போனபோது தடுத்து, சசியில் மாட்டச் சொன்னார். அறுந்த கொக்கி ஆளைக் கொல்லும் என்பதை அவர் பார்த்திருக்கிறார். வண்டி வரம்பேறிய பிறகுதான் வேலியோரம் போய் ஒரு பூவரசங் கம்பை முறித்து இலையை உருவிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் சில்லுப் படாத இடமாகப் பார்த்துக் கம்பைக் குத்தினார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடப் போயிருக்கும், டக்கென்று நின்றது. நாலு அடி தள்ளிக் குத்தினார், அதே ஆழத்தில் டக். இன்னொரு இடம், டக். கம்பை என்னிடம் தந்து குத்தச் சொன்னார். சேற்றுக்குள்ளே ஒரு தரை இருந்தது. காங்கிரீட் போல இல்லை, ஆனால் கையால் அமத்தி இறக்க முடியாத ஒன்று.

"இதுதான் அடித்தர. இரும்புச் சில்லு சேத்தை வெட்டிக்கிட்டு இதுல வந்து நிக்கும். நிண்டு நடக்கும். நெல்லு வெட்டுற மிசின் வேற. அதுக்கு அகல ரப்பர்ப் பட்டி, அது மேலால மிதந்து போகும். மிதக்கணும், இல்லாட்டி வெட்டணும். உங்கட டயர் ரெண்டையும் செய்யல்ல. மிதக்கிறதுக்குப் பாரம் கூட, வெட்டுறதுக்கு அகலம் கூட."

எட்டு மாதமும் இரண்டு பசுவும் அந்த ஒரு வசனத்தில் முடிந்தன. மச்சானின் முகத்தைப் பார்த்தேன், அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சிகாவத்தைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கம்பை முறித்துக்கொண்டு இந்த வரம்பில் இறங்கியிருந்தால் போதும் என்று நினைத்தேன். அன்றைக்கு அதோடு போயிருந்தால் இது ஒரு நல்ல பாடம் படித்த கதையாக முடிந்திருக்கும்.

ஆனால் மாமா கம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு எங்கள் கெப் உட்கார்ந்திருந்த குழிக்குப் போனார். பின் வலது சில்லு சுற்றிய இடம். சேற்றுத் தண்ணி அதற்குள் வடிந்து நிறைந்திருந்தது. கம்பை வைத்து அமத்தினார். ஒரு சாண் போனது, ஒரு முழம் போனது, அவருடைய கை மணிக்கட்டுவரை தண்ணிக்குள் போனது. டக் என்ற சத்தம் வரவே இல்லை. கம்பை உருவி எடுத்தபோது அதன் நுனியில் வயலின் கறுப்புச் சேறு இல்லை, அடியிலிருக்கும் மஞ்சள் மண் ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கம்பை வரம்பில் குத்தி வைத்துவிட்டு வாடிக்குப் போய்விட்டார். எங்களை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தரை எப்படி வந்தது

அன்று இரவு வாடியில்தான் படுத்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன். அவர் சொன்னார். அடித்தரை மண்ணோடு வந்ததில்லை, மிதிபட்டு வந்தது. அவருடைய அப்பாவின் காலத்தில் மிசின் இல்லை. எருமைகளை நிரையாகக் கட்டிக் கண்டத்துக்குள் விட்டு, சேறு கூழாகும்வரை சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். மேலே சேறு குழையும்போது கீழே குளம்பின் பாரத்தில் மண் இறுகும். நுண்ணிய களித்துகள் இறங்கி அந்த இறுகலின் துவாரங்களை அடைக்கும். பிறகு கலப்பை, பிறகு மிசின், எல்லாம் ஒரே ஆழத்தில் வருடாவருடம் போய்ப் போய் அதை மெழுகிவிட்டன. வயலில் தண்ணி நிற்பதற்குக் காரணம் அதுதான். வரம்பு பக்கத்தால் போகாமல் தடுக்கிறது, அடித்தரை கீழால் போகாமல் தடுக்கிறது. உன்னிச்சைக் குளத்தையோ நவகிரிக் குளத்தையோ நம்பியிருக்கும் வயலென்றால் வடிந்த தண்ணிக்கு வாய்க்கால் பதில் சொல்லும். மாமாவுடையது மானாவாரி. பெய்த மழை நின்றால்தான் வேளாண்மை.

"கிழிஞ்சா மறுகா வராதா மாமா?" என்று கேட்டேன்.

"வரும். நாம எவ்வளவு மிதிக்கிறமோ அவ்வளவு."

எங்களைக் கரையேற்றியிருக்கவேண்டிய அதே தரையைத்தான் நாங்கள் கிழித்திருந்தோம். கிழித்தது டயர் இல்லை. நாற்பத்தைந்து குதிரையோடு வந்திருந்தால் பத்தடியில் எஞ்சின் நின்றிருக்கும், குழி ஒரு சாணோடு போயிருக்கும். நான் பசுவை விற்று வாங்கிய பலம்தான் பத்து நிமிசம் ஒரே இடத்தில் சுற்றி, அவருடைய அப்பாவின் எருமைகள் மிதித்த தரையைத் துளைத்தது. இதை மச்சானிடம் சொன்னபோது, ஒரு குழிக்கு இவ்வளவா என்றான். ஒரு ஏக்கரில் இரண்டு குழி ஒன்றுமில்லைதான். ஆனால் ஓட்டம் வைக்கிற நாளில் இறங்குவது ஒரு கெப் இல்லை.

அடுத்த பெரும்போகத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். 2024 நவம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடலாகக் கிடந்தது. வடிந்த பிறகு மாமா மறுபடி விதைத்தார். மழை ஒரு கிழமை விட்டிருந்த நாளொன்றில் போனேன். கண்டம் முழுக்கப் பச்சையாக நின்றது, நடுவில் இரண்டு வட்டம் மட்டும் வெளிறிப்போய், தண்ணி வற்றி வெடித்து, நெல்லுக்குப் பதிலாகக் கோரை எழும்பியிருந்தது. கெப்பின் முன் இடது சில்லும் பின் வலது சில்லும் எந்த இடைவெளியில் நின்றனவோ அதே இடைவெளி.

டயர் மாறிய கதை

அதற்கிடையில் கெப்பையும் விடவில்லை. அகல டயரை விற்றுவிட்டு, பழைய லேண்ட் குரூசரின் பதினாறு அங்குல ரிம் நாலும், கன்டர் லொறிக்குப் போடும் ஏழரைப் பதினாறு டயரும் வாங்கினோம். ஆறு நட்டும் ஒரே வட்டத்தில் வருவதால் நேராகவே பொருந்தியது. உயரம் கிட்டத்தட்டப் பழைய டயர் அளவு, அகலம் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. பல் தடித்தது, இடைவெளி கூடியது, குறுக்காக ஓடுவது. பார்வைக்கு இழுப்பாக இல்லை. படம் எடுக்க ஒரு பிள்ளையும் வரவில்லை.

பாஸின் காணிக்குப் பின்னால் பயிர் செய்யாத வெறும் நிலமொன்று இருக்கிறது. மேலே சேறு, கீழே கிறவல். அதில் இறக்கினோம். கெப் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே போனது, நின்றது, பிறகு ஒரு உலுக்கலும் இல்லாமல் நடந்தது. கால் மிதியை நான் பாதிக்கு மேல் அமத்தவே இல்லை. அந்த நடையை உடம்பில் உணர்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு வண்டி மண்ணோடு மல்லுக்கட்டாமல் போவது எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஒரு பிழையும் செய்தோம். இன்னும் பிடிக்கட்டும் என்று காற்றழுத்தத்தைப் பன்னிரண்டு பிஎஸ்ஐக்கு இறக்கினோம். டியூப் போட்ட டயரில் அது கூடாது. காற்றுக் குறைந்தால் டயர் ரிம்மில் இறுகி நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிச் சுற்றும், டியூபையும் கூடவே இழுக்கும், வால்வு ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு அடியோடு கிழியும். கிழிந்தது. ரிம்மில் சோக்கட்டியால் ஒரு கோடும் டயரில் ஒரு கோடும் நேருக்கு நேர் போட்டு வைத்தால், ஓடி வந்து பார்க்கும்போது எவ்வளவு நழுவியிருக்கிறது என்று தெரியும். இப்போது இருபதுக்குக் கீழே போவதில்லை.

கல்வாடிப் பள்ளம்

இப்போது எங்களிடம் வயலில் ஓடும் கெப் இருக்கிறது. அறுவடை முடிந்த கண்டங்களில் ஓட்டம் வைக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள். எந்த வயலில் இறங்கினாலும் ஓடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இறங்க மனம் வரவில்லை. தரையைத் தொட்டு நடக்கும் டயர் அந்தத் தரையில் தடம் பதிக்கும். ஒரு தடவை போனால் ஒன்றும் ஆகாது, இருபது வண்டி ஒரே தடத்தில் போனால் ஆகும். மச்சானுக்கும் எனக்கும் இதில்தான் இன்றுவரை பிடுங்குப்பாடு. காணிக்காரர் சம்மதித்துக் காசும் வாங்குகிறார், உனக்கென்ன என்கிறான். காணிக்காரர் சம்மதிக்கலாம். காணிக்காரரான போடியாருக்குக் காசு போகும். அடுத்த போகம் அந்தக் கண்டத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவனிடம் யாரும் கேட்கவில்லையே என்கிறேன் நான். அவன் பதில் சொல்வதில்லை, நானும் விடுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பொடியனுக்கு ஞாயிற்றுக்கிழமை செய்வதற்கு என்ன இருக்கிறது என்று அவன் ஒருமுறை கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இருக்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தது ஒரு பழைய கல்வாடி. செங்கல் அரிந்து அரிந்து, களி முடிந்ததும் கைவிட்டுப்போன பள்ளம். பயிர் வராது, மாடும் மேயாது. பக்கத்தில் வாய்க்கால் இல்லை, ஒயில் சிந்தினாலும் யாருடைய வயலுக்கும் போகாது. ஓட்டத்துக்கு இதைவிட நல்ல இடமில்லை என்று இருவருமே சந்தோசப்பட்டோம். நான் பூவரசங் கம்போடு இறங்கினேன். முதல் இடத்தில் ஒரு முழத்தில் டக், உடைந்த செங்கல். நாலடி தள்ளி, கம்பு முழுக்கப் போனது. அதற்கடுத்து இரண்டு விரல் ஆழத்தில் காய்ந்த களி. யாரும் மிதிக்காத மண், அதற்குள்ளே தரை இல்லை. எங்கள் ஒல்லி டயர் அங்கே செங்கல் உள்ள இடத்தில் ஏறியது, இல்லாத இடத்தில் கத்தி மாதிரி நேராக இறங்கியது. மண் தோண்டும் பெக்கோ வந்துதான் தூக்கியது.

ஆகவே இந்தப் பள்ளத்துக்கு வேறு கெப் வேண்டும். மிதக்கிற கெப். அகல டயர், டியூப் இல்லாதது, பத்துக்குக் கீழே காற்றை இறக்கினாலும் கழராமல் ரிம்மோடு டயரைக் கவ்விப் பிடிக்கும் வளையம். பாரம் குறையவேண்டும், பின்பெட்டியைக் கழற்றி வெறும் குழாய்ச் சட்டம் போடவேண்டும். டிஃப்பரன்சியலுக்கு லொக். உள்ளே இருக்கும் சின்னக் கியர்களை ஒன்றாக வெல்ட் அடித்துவிட்டால் செலவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். வீதியில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்ய நான் விடமாட்டேன். தார் ரோட்டில் கிறுகும்போது வெளிச்சில்லு கூட ஓடவேண்டும், உள்சில்லு குறையவேண்டும். இரண்டையும் பூட்டிவிட்டால் டயர் கதறும், ஒருநாள் அக்சில் முறியும். லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கும் வண்டி என்றால் வேறு கதை. இதிலெல்லாம் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளத்துக்கு மச்சானின் டர்போ எஞ்சின் சரியானது. தரை இல்லாத இடத்தில் சில்லு வேகமாகச் சுற்றிக் களியை உதறிக்கொண்டே மேலால் போகவேண்டும், அதற்குப் பலம் வேண்டும். அவன் சொன்னது சரியாகும் மண்ணும் இருக்கிறது. அதை அவனிடம் சொல்லிவிட்டேன். மச்சான் அன்றே விற்ற டயரைத் திரும்ப வாங்க முடியுமா என்று போன் போட்டான்.

இந்த ஜனவரியில் மாமாவின் வட்டைக்குப் போயிருந்தேன். குடலை தள்ளும் பருவம். அந்த இரண்டு குழியையும் போன சிறுபோகக் காலத்தில், வயல் சும்மா கிடந்தபோது, நானும் மச்சானும் அடைத்தோம். மஞ்சள் மண்ணுக்கு மேலே வாய்க்கால் களியை நாலு விரல் தடிப்பில் போட்டு, தண்ணி தெளித்து, வெறுங்காலால் மிதித்தோம். பிறகு இன்னொரு நாலு விரல், இன்னொரு மிதி. ஒரு குழிக்கு ஒரு பகல் போனது. இரண்டு பேரின் பாரம் ஒரு எருமையின் பாரத்துக்குப் பக்கத்திலும் வராது. மாமா வரம்பில் இருந்து வெத்திலை போட்டுக்கொண்டு பார்த்திருந்தார், இரண்டாம் நாள் அவரும் இறங்கி மிதித்தார்.

இப்போது அந்த இடத்தில் கோரை இல்லை. நெல் நிற்கிறது, சுற்றியிருப்பதைவிட ஒரு சாண் கட்டை. நான் வரம்பில் கம்பொன்றை முறித்துக்கொண்டு, பயிரை விலக்கி, பின் வலது சில்லு நின்ற இடத்தில் குத்தினேன். ஒரு சாணில் ஒன்றும் இல்லை. ஒரு முழத்துக்குக் கிட்டப் போய், டக் என்று சொல்ல முடியாது, கை கொஞ்சம் தயங்கியது. மாமாவிடம் கம்பைக் கொடுத்தேன். அவரும் குத்திப் பார்த்தார், மெதுவாக, இரண்டு தரம்.

"வாற வருசமும் இறங்கணும்" என்றார்.